கூடி நின்ற காவல்காரர்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கிளினிக் நேர்ஸ் மிஸ் வற்புறுத்தி எடுத்த பரிசோதனையில், என் மனைவியின் கர்ப்பப்பைக் கழுத்தில் ஏதோ மாற்றம் என்று வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி நான் இருப்பது மனைவியின் வீட்டில். மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கை.

"அவளுக்குச் சொல்லிராதீங்க. ஊரக் கூட்டிருவாள்," என்றாள் மனைவி.

வெளிக்கிடும்போது மச்சினி கேற்றடியில் நின்றாள். "என்ன மச்சான், புதுமாப்பிள்ள மாதிரி சேட்டெல்லாம் அயன் பண்ணி, ராத்தாவ எங்க ஏத்திக்கொண்டு போறீங்க?"

"சும்மா, கடற்கரைக்கு," என்றேன். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணக் கால் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்னத் துண்டு சதை எடுத்தார்கள். பிறகு டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஒரு வைரஸ் புகுந்திருக்கு. கலியாணம் முடிச்ச ஆக்களில கனபேருக்கு இது வந்து போறதுதான். வெள்ளை அணுக்கள் உடம்புக்கு ஆமி மாதிரி. அதுகளே அடிச்சுத் துரத்திரும். இவங்கட அந்த இடத்திலயும் நிறையக் கூடி நிக்குது."

"துரத்தாட்டி?"

"சிலருக்கு வைரஸ் வருசக்கணக்கா ஒளிஞ்சிருக்கும். அணுக்கள் களைச்சுப் போகும். சிலது நோயின்ட பக்கம் சாஞ்சு, மத்ததையும் அடிக்க விடாது. அப்படித்தான் புற்றுநோய்க்கு இடம் கிடைக்கும்."

"இப்ப கூடி நிக்கிறது நல்லதா, டொக்டர்?"

"அத மட்டும் வச்சுச் சொல்லேலாது. ரிப்போட் வரட்டும்."

என் சின்ன வயதில் சந்தியில் ஆமி கூடி நின்றால் வாப்பா கடையை இழுத்துப் பூட்டுவார். துவக்கோடு நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, கடைகள் எரிந்ததையும் கண்டிருக்கிறேன். கூடி நிற்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ரிப்போட் வரும்வரை, மனைவி குந்தியிருந்து தேங்காய் துருவும்போது அவளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன். உள்ளே அந்த ஆமிக்காரர்கள் இப்போது அடிக்கிறார்களா, பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா?

"என்ன, பசிக்குதா?" என்பாள்.

"ஓம்," என்பேன். அவள் போட்டுத் தரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

ரிப்போட்டில் புற்றுநோய் இல்லை. அதற்கு முந்திய நிலை. அந்த இடத்தை மட்டும் அகற்றினார்கள். ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், வைரஸ் இன்னும் இருக்கலாம் என்றார்கள்.

வரும் வழியில் பின்னாலிருந்து கேட்டாள்: "ஹெல்மட்டுக்குள்ள அழுறீங்களா?"

"இல்ல, தூசி."

"அப்ப கண்ணாடிய மூடுங்க. டொக்டர் சொன்ன ஆமி என்னப் பாத்துக்கொள்ளும்."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

நாளைக்கு அந்த ஆறு மாதம் முடிகிறது. சேட் அயன் பண்ணித் தொங்குகிறது. மச்சினி கேற்றடிக்கு வருவாள். இந்த முறை கடற்கரை என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் முப்பத்தைந்து வயதாகிறது, இந்தப் பரிசோதனைக்கு இன்னும் கிளினிக் பக்கம் போகவில்லை. சொல்லலாமா என்று மனைவியிடம் கேட்டேன். சரியென்று தலையாட்டினாள்.

ஆனால் ஒரு ஆண் மச்சினியிடம் இதை எந்த வாயால் தொடங்குவது? அதனால் இந்தத் தாளையே மதிலுக்கு மேலால் அவளிடம் நீட்டப் போகிறேன். நாளைக்கு டொக்டர் என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து இன்னும் மோசமாகிவிட்டது.

ஷஃபான் பிறை பன்னிரண்டு, புதன்கிழமை.