பிறர் விரலில் வீரம்

இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயைப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு ஊர் முழுக்க நோயாளிகள். தான் மட்டும் பரம சுகம். ஊர் வேலைக்குத் தலையைக் கொடுத்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

விரல் கிடைக்காத வகுப்பு

புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் தன்னார்வலர்களுக்கு முதல் பயிற்சி. ஒருவர் விரலில் மற்றவர் குத்திப் பழகவேண்டும். செபம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு புது ஊசி கொடுத்தேன். எல்லாரும் ஊசியைப் பிடித்தார்கள்; விரலை நீட்டத்தான் ஆளில்லை. கடைசியில் என் விரல்களே பாடப்புத்தகம்.

வலிக்காமல் குத்தியவள் பார்வதி. காலில் ஆறாத புண், துணி சுற்றியிருந்தாள். "உனக்கும் பார்த்துடுவோமே" என்றேன். கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நான் பாக்க வந்தவக்கா, காட்ட வந்தவ இல்ல!"

கேசரி நேரம்

'சீனியைக் குறையுங்கள்' பாடம் முடிந்த கையோடு மண்டபத் தலைவர் கேசரியும் தே தாரிக் பால் தேநீரும் அனுப்பிவைத்தார். நல்ல மனிதர், ஆண்டவர் அவரை மன்னிப்பாராக. பார்வதி இரண்டாவது தட்டுக்குப் போனாள். இப்போதுதானே படித்தோம் என்றேன்.

"அது ஊருக்குச் சொல்றது, அக்கா. வேலை செய்யிற நமக்குத் தெம்பு வேணும் லா!"

மாரிமுத்து அண்ணன் பாஸ்

பிறகு தோட்டக் குடியிருப்பில் ரத்தப் பரிசோதனை முகாம். லோரி ஓட்டி ஓய்ந்த மாரிமுத்து அண்ணன் ஒரு வாரமாகப் பாகற்காய்ச் சாறு குடித்துத் தயாராகி வந்திருந்தார். அளவு நன்றாகவே இருந்தது. "பாஸா தங்கச்சி?" என்று கேட்டவர், நேரே எதிர்க்கடையில் சீனிப்பாகு கலந்த சிராப் தண்ணீரும் இரண்டு பிசாங் கோரெங் வாழைப்பழப் பொரியலும் வாங்கினார். என்னண்ணே இது என்று ஓடினேன்.

"பாஸான பெறகு யாராச்சும் படிப்பாங்களா?"

மிஷின்மேல் பழி

அடுத்து அவர் மனைவி கமலம். உட்கார்ந்தார், கையை நீட்டவில்லை. "மொதல்ல நீ குத்திக் காட்டு, பார்வதி. அப்புறம் என்னைத் தொடு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. தப்ப வழியில்லாமல் பார்வதி தன் விரலில் குத்தினாள். பதினெட்டு! அதில் பாதி வந்தாலே கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சிரிப்பு நின்றது. அவள் மிஷினைத் தட்டிப் பார்த்தாள்.

"மிஷின் கெட்டுப்போச்சு லா, அக்கா!"

சுண்டுவிரல்

அதே மிஷினில் என் விரலைக் குத்தினேன், ஒழுங்காகத்தான் காட்டியது. மறுநாள் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி துணியை அவிழ்த்தார். கால் சுண்டுவிரல் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலையே எடுத்திருப்பார்களாம். மருந்தும் கட்டுமாய் விரல் தப்பியது.

அடுத்த முகாமுக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். கையை மறைத்தவர்களைத் துரத்திப் பிடித்தாள்.

"ஒரு சொட்டு ரத்தத்துக்கு அழுவுறீங்களே, நான் ஒரு வெரலையே குடுக்கப் பாத்தேன்!"

ஊசி ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது. விரல் நீள்வதற்குத்தான் நான் இன்னும் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறேன்.