பூ மார்க்கெட்டில் தூக்கிய பைக்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் வாசலில் பைக்கை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் பைக் இல்லை. அது நின்ற இடத்தில் மல்லிகை மூட்டைகள் கிடக்கின்றன.

காட்டுப் பாதைக்கென்றே செய்த, எடை குறைந்த பைக் அது. ஆற்று மணலில் சாய்ந்தாலும் நானே தூக்கி நிறுத்தலாம் என்றுதான் வாங்கினேன்.

மூட்டை அடுக்குபவரிடம் ஓடிப்போய்க் கேட்கிறேன்.

"இங்கன நின்ன பைக்கா அண்ணாச்சி? நாங்க ரெண்டு பேருதான் தூக்கி லோடு ஆட்டோல ஏத்தினோம். சைக்கிள் கனம்கூட இல்லையே!"

"பூட்டின வண்டிய எதுக்குங்க ஏத்துனீங்க?"

"ஆக்சிடென்ட் ஆன வண்டி ஒண்ணு நிக்கு, மெக்கானிக்ட்ட அனுப்புன்னு முதலாளி சொன்னாவ. இதுலதான் மட்கார்டு டயர விட்டு ஒரு முழம் மேல ஏறிப்போயி நின்னுச்சு."

சேறு அடைக்காமலிருக்க அது அப்படித்தான் இருக்கும் என்கிறேன். சற்றுத் தள்ளி, முன்பக்கம் நசுங்கிய பைக் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறது. மெக்கானிக்கைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போடுகிறார்.

"மட்கார்ட கழட்டியாச்சு," என்கிறார் மெக்கானிக். "கீழ எறக்கி மாட்டதுக்கு ஓட்ட போடுதேன்." பின்னால் ட்ரில் இரைகிறது.

"ஏலே, நிறுத்துல! அது நல்ல வண்டியாம்!"

ட்ரில் நிற்கிறது.

"எது, இதுவா?" மெக்கானிக் சிரிக்கிறார். ட்ரில் மறுபடி இரைகிறது.