முதல் பரிசு பெற்ற முற்றம்

அந்தப் புகைப்படத்தில் கிணறு இருக்கிறது. கிணற்றடியில் கறிவேப்பிலை, சுவரோரம் புதினாத் தொட்டிகள், துளசி, மல்லிகை, எல்லாவற்றுக்கும் நடுவில் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு என் அத்தை. ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இல்லை. படம் எடுக்க வந்தவர் அதைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னபோது, அதில் உட்கார்ந்திருந்தவளே எழுந்து தன் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளையும் அவளே உருவி எடுத்தாள். “படம் நல்லா வரட்டும்” என்று சொல்லிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால், என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அவள் பக்கத்து வீட்டு உம்மா. கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் எங்கள் வீடும் அவள் வீடும். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதைச் சுற்றி ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி முற்றம். அம்மா இறந்தபின் நாலு வயதில் அப்பா என்னைத் தன் அக்காவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டார். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்திருந்தார். உம்மாவுக்கு ஒரே மகன். அவன் அழைப்பதைக் கேட்டு நானும் ‘உம்மா’ என்றே அழைத்தேன், யாரும் திருத்தவில்லை. காலையில் அத்தை கையால் தோசை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உம்மா கையால் அரிசிமாவுப் பத்திரி என்று வளர்ந்தவள் நான். இரண்டு வீட்டிலும் எனக்கு அடியும் விழுந்திருக்கிறது.

முற்றத்தில் எது யாருடைய செடி என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. யாருக்கு எங்கே இடம் தெரிகிறதோ அங்கே நடுவார்கள். காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறாளோ அவள் கிணற்றில் இறைத்து எல்லாவற்றுக்கும் ஊற்றிவிடுவாள். மற்றவள் எழுந்து வந்து, தரை ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சாயா போடப் போய்விடுவாள். அதுதான் அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம். உம்மா நட்ட புதினாவை அத்தை துவையல் அரைப்பாள். அத்தை நட்ட மல்லிகை உம்மா வீட்டு ஜன்னலில் ஏறிப் பூத்தது. துளசிக்கு மட்டும் அத்தை ஒரு கும்பிடு போடுவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அத்தை தமிழ் மட்டும் படிப்பாள். பொள்ளாச்சிப் பக்கம் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு, கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தவள். உம்மா வீட்டிலும் பேச்சு தமிழ்தான், ஆனால் படித்தது மலையாளப் பள்ளியில், தமிழ் எழுத்தே தெரியாது. அதனால் தினமும் நாலு மணிக்கு இருவரும் முற்றத்தில் உட்கார்வார்கள். உம்மா மலையாளப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பாள், அத்தை கேட்பாள். பிறகு அத்தை தமிழ் வார இதழில் வரும் தொடர்கதையைப் படிப்பாள், உம்மா கதாநாயகியைத் திட்டிக்கொண்டே கேட்பாள். முப்பது வருஷம் இப்படியே ஓடியது. அடுத்தவளின் எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று இருவருக்குமே தோன்றவில்லை. எதற்குத் தோன்ற வேண்டும், படித்துக் காட்டத்தான் ஆள் இருக்கிறதே.

இந்த ஏற்பாட்டின் நடுவில் மூக்கை நுழைத்தவள் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, கையில் புதிய போன், நன்றாக எழுதுகிறோம் என்ற கர்வம் வேறு. வீட்டு அலங்காரத்துக்கென்று வரும் ஒரு மலையாள மாத இதழில் போட்டி அறிவித்திருந்தார்கள். பால்கனி, மொட்டைமாடி மூலை, சின்ன முற்றம் என்று வீட்டுக்கு வெளியே உள்ள சிறிய இடங்களுக்கான போட்டி. நடுவர்கள் கிடையாது, வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். படத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், வீட்டுக்காரரின் கையெழுத்தும் வேண்டும்.

ஸ்டுடியோக்காரரை வரவழைத்துப் படம் எடுத்தாயிற்று. உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன். முதலில் இரண்டு பெண்களின் முற்றம் என்றுதான் ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. முந்தைய வருஷங்களில் பரிசு வாங்கியவர்களின் பக்கங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் தனியாகப் போராடியிருந்தார். சரி என்று அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கணவனை இழந்த ஒரு பெண், துணைக்கு ஆளில்லாமல், மட்டாஞ்சேரியின் நெரிசலுக்குள் ஒற்றைக்கு ஒரு பச்சை உலகத்தை உண்டாக்கினாள் என்று எழுதினேன். ‘ஒற்றைக்கு’ என்றால் தன்னந்தனியாக. அந்தச் சொல்லை மூன்று இடத்தில் போட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, வெட்கக்கேடு.

அத்தையிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடீ எழுதியிருக்கே?”

“நம்ம முற்றத்தைப் பத்தித்தான் அத்தை.”

“அவளைப் பத்தி எழுதினியா?”

“எல்லாம் இருக்கு. நீ போடு.”

தமிழில் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். நான் அவளிடம் சொன்ன பொய்களில் இதைவிடப் பெரியவை உண்டு. ஆனால் இத்தனை சுலபமாக வேறு எதையும் சொன்னதில்லை.

படங்கள் இணையத்தில் வந்தன. அங்கே படமும் ஓர் எண்ணும் மட்டும்தான், எழுத்தெல்லாம் பரிசு பெற்ற பிறகுதான் அச்சில் வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டுப் பொறுப்பை உம்மா எடுத்துக்கொண்டாள். தேர்தலில் நிற்கிறவர்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களை மறித்து நிறுத்தி, போனை வாங்கி எண்ணைத் தேடிக் கொடுத்தாள். மீன்காரர், தையல் கடைக்காரர், பள்ளிவாசல் பக்கத்து வீடுகள், கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் வந்த சொந்தக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. “நம்ம முற்றத்துக்கு ஒரு குத்து குத்துங்கோ” என்பதே அவள் பேச்சாக இருந்தது. சாயங்காலம் வந்து என்னிடம், “மோளே, இப்ப எத்தனாவது இருக்கோம்?” என்று கேட்பாள். இருக்கோம் என்றுதான் கேட்பாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், எழுத்தை மாற்றித் தரவும் நேரம் இருந்தது. தோற்றுப்போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். தோற்கவில்லை. முதல் பரிசு கிடைத்தது, பெரும்பாலும் உம்மா வாங்கிக் கொடுத்த ஓட்டில்.

இதழ் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். நாலு மணிக்கு உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மலையாளமாயிற்றே, அவள்தான் படிக்க வேண்டும். என்னிடம் கொடுங்கள், நான் படிக்கிறேன் என்றேன். “நீ தினமும் ஆபீஸ்ல படிக்கிறதுதானே, இது எங்க முறை” என்று சிரித்தாள். அத்தை கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு காலை நீட்டினாள்.

உம்மா படித்தாள். கணவனை இழந்தது, மட்டாஞ்சேரி, நெரிசல். முதல் ‘ஒற்றைக்கு’ வந்தபோது ஒரு நொடி நின்றாள், எழுத்து சரியாகத் தெரியவில்லை என்பதுபோலத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். பிறகு தொடர்ந்தாள். துணைக்கு ஆளில்லாததைப் படித்தாள். விடியுமுன் எழுந்து ஒவ்வொரு வாளியாக இறைத்து ஒற்றைக்கு ஊற்றிய தண்ணீரைப் படித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசி வரிவரை ஒரு சொல்லும் விடாமல் படித்துவிட்டு, இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை எப்போதோ காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை அவளும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

“இது நீ சொல்லிக் கொடுத்ததா?” என்று உம்மா அத்தையிடம் கேட்டாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கிணற்றைப் பார்த்தேன்.

“ஆமா. நான்தான் சொன்னேன்” என்றாள் அத்தை.

“அதேயோ?” என்றாள் உம்மா, அப்படியா என்பதுபோல. பிறகு “சரி” என்று சொல்லி எழுந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று தமிழ்த் தொடர்கதை படிக்கவில்லை.

சமையலறையில் அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏன் அப்படிச் சொன்னே?” என்று நான்தான் அழுதேன். “உன்மேல அவளுக்குக் கோபம் வந்தா அது போகாது, புள்ளைங்க மேல வர்ற கோபம் வேற. என்மேல வந்தா ரெண்டு நாள்ல சரியாயிடும். எங்களுக்குள்ள எத்தனை பார்த்திருக்கோம்” என்றாள். அதை அவள் முழுமனதாக நம்பினாள். அவள் நம்பியதால் எனக்கும் வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலையில் உம்மாதான் முதலில் எழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு வாளி இறைத்து, தூக்கிக்கொண்டு செடிகளுக்கு முன்னால் நின்றாள். தன்னுடைய செடிகளுக்கு மட்டும் ஊற்றலாம் என்று வந்திருக்க வேண்டும். ஆனால் எது தன்னுடையது? புதினாவைப் பார்த்தாள், மல்லிகையைப் பார்த்தாள், கறிவேப்பிலையைப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, வாளியைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் அவள் தண்ணீர் ஊற்ற வரவே இல்லை.

பரிசாகப் பிரம்பு ஊஞ்சல் ஒன்று வந்தது, ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. அத்தை அதைப் பிரிக்காமல் பரணில் ஏற்றச் சொன்னாள். இரண்டு நாள் என்றது ஒரு வாரமாயிற்று, மாதமாயிற்று. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானமும் நடந்திருக்கும். உம்மா சண்டை போடவில்லை. பெருநாளுக்கு அத்தை போனபோது, “வாங்க, உட்காருங்க” என்று பன்மையில் அழைத்து, விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கோப்பையில் சாயா கொடுத்தாளாம். அன்று திரும்பி வந்து அத்தை சாப்பிடவில்லை. ஒருநாள் அத்தை தமிழ் இதழை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி தொடர்கதையைச் சத்தமாகப் படித்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து கதாநாயகியை யாரும் திட்டவில்லை.

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்தடி தூரம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். உம்மா என்னிடம் எப்போதும்போல் பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தப் பிரியம் போய்விடுமோ என்று பயந்தேன். அந்த வருஷம் முடிவதற்குள் வளைகுடாவிலிருந்து திரும்பிய மகன் எர்ணாகுளம் கலூரில் பிளாட் வாங்கி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வீடு இஞ்சி மூட்டை அடுக்கும் இடமானது. அத்தை ஆறு வருஷம் அந்த முற்றத்துக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றினாள். நான் எழுதியது பொய்யாக இருந்தது. நானே அதை உண்மையாக்கினேன்.

போன வருஷம் அத்தை இறந்தாள். உம்மா வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, அத்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அதற்கு மேலும் என்னால் தாங்க முடியவில்லை. நாற்பது நாள் கழித்துக் கலூருக்குப் போனேன். நாலாவது மாடி. உம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அத்தைக்கு அந்த எழுத்தில் ஒரு வரிகூடத் தெரியாது என்றும் சொன்னேன்.

“எனக்கு வாசிக்கும்போதே தெரியும், மோளே” என்றாள் உம்மா. “அவளுக்கு அப்படியெல்லாம் பேச வருமா? நீ சின்னப் புள்ள, ஆசைல எழுதிட்டே. நான் அவகிட்ட எதுக்குக் கேட்டேன்? ‘இல்லடீ, இந்தக் கழுதை பண்ணின வேலை’ன்னு அவ சொல்லணும். ரெண்டு பேருமா சேர்ந்து உன்னை நாலு திட்டு திட்டியிருப்போம். அத்தோட மதி, போதும்னு விட்டிருப்போம்.”

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“அவ உன்னைப் பின்னாடி மறைச்சுக்கிட்டா. யார்கிட்டேயிருந்து? என்கிட்டேயிருந்து. உனக்கு அம்மை போட்டப்ப பதினோரு நாள் என் மடியிலதான் கிடந்தே. நீ முற்றத்தைத்தான் அவளுக்குன்னு எழுதினே. அவ உன்னையே தனக்கு மட்டும்னு எழுதிக்கிட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல.”

அத்தை அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா கையை அசைத்து வேண்டாம் என்றாள். கிளம்பும்போது என் தலையில் கை வைத்தாள்.

கீழே வந்து பஸ் ஏறினேன். உட்கார்ந்ததும் முதலில் தோன்றியது, வீட்டுக்குப் போய் இதை உடனே அத்தையிடம் சொல்லிவிட வேண்டும், கேட்டதும் அவள் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பி வந்துவிடுவாள் என்பதுதான்.