கைப்பிடியின் நீளம்

இரும்புக் கதவு செய்பவருக்கு வாக்கப்பட்டு வந்தவள், அவருடைய பட்டறையில் துளை போடும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியே ஆயுளில் பாதியை ஓட்டினாள். அவர் இரும்புப் பட்டையை அசையாமல் பிடித்துக்கொள்வார், இவள் சுற்றுவாள். துளை மறுபக்கத்தை எட்டும் நேரத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் துளைக்கிற பிட் ஒடிந்துவிடும். அந்த நேரம் இவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் கதவு வாங்க வந்தவர் யாராவது, "வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால் அந்த மகானுபாவர் வாய் கூசாமல், "சும்மாதான் இருக்கா" என்பார். கையில் கிரீஸோடு இவள் பக்கத்திலேயே நிற்பாள்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் இவளை விட்டுப் போகவில்லை. தன்னை ஒரு ஆளாகவே அவர் நினைக்கவில்லையோ என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

பட்டறையைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, பழைய கருவிகளுக்கு விலை மதிக்கிற ஒருவரைக் கொழுந்தன் அழைத்து வந்தான். அதற்கு முன்பே, நல்ல விலைக்குப் போகட்டுமென்று இயந்திரம் முழுக்கப் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்தான்.

வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தப் புண்ணியவான் அடிச்ச பெயின்ட்டு?"

"நான்தான். பார்க்க லட்சணமா இருக்குமேன்னு."

"பழைய சாமானுக்குப் பழசா இருக்கிறதுதான் தம்பி லட்சணம்."

மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து, வார்ப்பிரும்பில் புடைத்திருந்த கம்பெனிப் பெயரை வெளியே கொண்டுவந்தார். உச்சியில் இருந்த கனத்த சக்கரத்தைச் சுழற்றினார். சுற்றச் சுற்ற பிட்டைத் தானாகக் கீழே இறக்கும் பற்களை விரலால் தடவினார். "கரன்ட் வராத காலத்து மெஷின். அசல்தான். ஒரு பல்லுகூட உடையல," என்றார். கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அவர் கை கைப்பிடியில் வந்து நின்றது.

"இதை யாரு வெட்டினது?"

"எதை?"

"கைப்பிடி மாட்டியிருக்கிற இந்த இரும்புக் கையை. நாலு விரக்கடை வெட்டிக் குறைச்சு, வேற ஓட்டை போட்டிருக்கு. பிடிக்கிற கட்டையையும் ஒல்லியா சீவியிருக்கு. குட்டையான ஆளு யாருக்கோ செஞ்சது. இனிமே பாதி விலைதான்."

"அண்ணன் ஆறடி ஆளாச்சே," கொழுந்தன் நொந்துகொண்டான். "நல்ல மெஷினைக் கெடுத்து வச்சிருக்காரே."

இவள் கிட்டே வந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். வந்த புதிதில் கைப்பிடி மேலே போகும்போதெல்லாம் இவள் குதிகால் தரையை விட்டு எழும்பும். ராத்திரியில் தோள் விண்விண்ணென்று தெறிக்கும். ஒருநாள் காலையில் குதிகால் எழும்பவில்லை. "எனக்குப் பழகிடுச்சு போல," என்று பெருமையாகச் சொன்னாள். "ம், பழகிட்ட," என்றார் அவர், பட்டையிலிருந்து தலைதூக்காமல். அன்றிலிருந்து அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றே நம்பியிருந்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. இதை வாய் திறந்து சொல்லியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? அப்புறம் அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள். ஆண்கள் இருவரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

"அந்தக் கையை மட்டும் நான் கழட்டிக்கிறேன்," என்றாள் கண்ணைத் துடைத்தபடி.

"அது இல்லாட்டி வெறும் இரும்பு விலைக்குத்தான் போகும்மா," என்றார் வந்தவர்.

"போகட்டும்."

"அண்ணி, கொஞ்சம் யோசிங்க. அந்தத் துண்டு இரும்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மாதான் வச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை இவளே எடுத்தாள்.