சுக்குக் காப்பியில் ஒரு ஸ்பூன்

போன மாதம் ஒரு மத்தியானம். தோசைக்கு உளுந்தைக் களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. மாரிச்செல்வி, என் அண்ணன் மகள்.

"அத்தை, மேட்ச் ஜெயிச்சிட்டோம்."

"ரொம்ப சந்தோசம்ட்டி. மூட்டு எப்படி இருக்கு?"

"வலியே இல்ல. ஒங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலருந்து சரியாயிட்டு. அப்புறம்... எனக்கு டோப் டெஸ்ட் எடுத்திருக்காங்க."

உளுந்துத் தண்ணீருக்குள் என் கை அப்படியே நின்றுவிட்டது.

மாரியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? இலஞ்சியில் ஒரு சிமெண்ட் கோர்ட்டில் பாஸ்கெட்பால் ஆடத் தொடங்கி, இன்று ஓர் அரசுத் துறை அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவள். "பந்தைத் தட்டிக்கிட்டே ஓடினா சோறு போடுமா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டு அவளிடம் நிற்கிறார்கள். வயது இருபத்தெட்டு. நமக்கு அது சின்ன வயது. கோர்ட்டில் அப்படி இல்லை. இந்த வருஷம் தேசிய அணி கேம்ப்புக்குக் கூப்பிட்டால்தான் உண்டு. விட்டால் இல்லை.

டோப் டெஸ்ட் என்றால்? ஊக்க மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கிறாளா என்று பார்ப்பது. மேட்ச் முடிந்ததும் ஆளைக் கூட்டிப்போய், பக்கத்திலேயே ஒரு பெண் நின்று பார்க்க, சிறுநீர் வாங்குவார்கள். கூடவே ஒரு ஃபாரம். கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து சாப்பிட்டாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஃபாரத்துல என்னட்டி எழுதின?"

"விட்டமின் மாத்திரை மட்டுந்தான். வேற எதுவும் சாப்பிடலையே."

சாப்பிட்டாள். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டோர்னமெண்டுக்கு முன்னால் நாலு நாள் லீவில் தென்காசிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போனோம். படியில் இறங்கும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்ன வலி என்றாள். எனக்கு மனசு கேட்குமா?

என் வீட்டுக்காரர் மூட்டுவலிக்கு ஒரு பொடி சாப்பிடுகிறார். குற்றாலத்தில் ஒரு மூலிகைக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தருவது. மனுஷர் இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார். மாரியிடம் சொன்னால் "அதெல்லாம் நான் சாப்பிடக் கூடாது அத்தை" என்பாள். அதனால் சொல்லவில்லை. அவள் விரும்பிக் குடிக்கிற சுக்குக் காப்பியில் தினமும் ஒரு ஸ்பூன். கருப்பட்டி தூக்கலாக.

நம் ஊரில் மருந்தைச் சொல்லிவிட்டா கொடுக்கிறோம்? குடிக்கிற புருஷனுக்குச் சாம்பாரில் பொடி. சாப்பிடாத பிள்ளைக்குத் தோசையில் கீரை. தெரியாமல் கொடுத்தால்தான் மருந்து பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. பேர் அன்பு.

போனை வைத்துவிட்டு உளுந்தை அப்படியே மூடி வைத்தேன். பொடியில் ஒன்றும் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்தானே? இருந்துவிட்டால்...? உடனே பஸ் ஏறிக் குற்றாலம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தப் பொடியில என்னென்ன சேருது?"

"எல்லாம் மூலிகதான்க்கா."

"என்ன மூலிகை?"

கடைக்காரர் தராசைத் துடைத்தார். "எனக்கு மூட்டையாத்தான் வருது. நான் பொட்டலம் போடுதேன். சாப்பிட்டவுக ரெண்டே நாள்ல எந்திரிச்சு நடக்காங்க. அது போதாதாக்கா?"

ரெண்டே நாள். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. எனக்குத் தெரிந்து எந்தக் கஷாயம் ரெண்டு நாளில் கேட்டிருக்கிறது? மண்டலக் கணக்கில் அல்லவா குடிக்கச் சொல்வார்கள்? திரும்பி வரும் வழியில் தெரிந்த டாக்டரம்மாவைப் பார்த்துப் பொட்டலத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சார் முகம் உப்பியிருக்கா?"

உப்பியிருந்தது. சதை போட்டுக் களையாகிவிட்டார் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இந்த மாதிரிப் பொடியில சில பேர் ஸ்டீராய்டு கலப்பாங்க. பாத்தா தெரியாது. அவரை நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். விளையாடுகிறவர்களுக்கும் அது தடையாம்.

வீட்டுக்கு வந்து மாரிக்குப் போன் போட்டேன். மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்துவிட்டு, நாலாவது முறை போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எத்தன நாளு போட்டீய?"

"நாலு நாளும்."

"தெரியாமச் சாப்பிட்டேன்னு சொன்னா கேக்க மாட்டாங்க அத்தை. என் உடம்புல இருந்தா நாந்தான் பொறுப்பு. வருசக் கணக்குல ஆட விடமாட்டாங்க."

"நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம்ட்டி. ஒருவேள எதுவும் இல்லாமப் போனா..."

"நான் ஃபாரத்துல பொய் சொன்ன மாதிரி ஆயிருக்கு" என்றாள். "மிச்சப் பொடியக் கீழ போட்டுறாதீய. அப்படியே கட்டி வைங்க. டெஸ்ட் பண்ணக் கேட்டா குடுக்கணும்."

அன்று சாயங்காலமே கோச்சிடம் சொல்லி, டெஸ்ட் எடுத்தவர்களுக்கும் தானே எழுதி அனுப்பிவிட்டாள். பதினாலு வருஷம் விடியும் முன்னால் எழுந்து ஓடியவள். அவ்வளவையும் என் ஒரு ஸ்பூனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

முடிவு வரச் சில வாரம் ஆகுமாம். இதை எழுதுகிற இன்று வரை வரவில்லை. பொட்டலம் ஃபிரிட்ஜுக்கு மேல் இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுக்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. ஸ்டீராய்டு என்று வந்துவிட்டால் என் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்? கேம்ப் லிஸ்ட்டும் வரவில்லை. எது முதலில் வருமோ?

போன ஞாயிற்றுக்கிழமை மாரி வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரரிடம் ரத்த டெஸ்ட் பற்றி விசாரித்தாள். என்னிடம் மட்டும் கொஞ்சம் அளந்தே பேசினாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில், "காப்பி போடட்டுமாட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போடுங்க" என்று எழுந்து, என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

முன்பு ஒருமுறை எனக்கு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எதிராளியின் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். முகம் ஏமாற்றுமாம். அன்றைக்கு அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் காய்ந்தது. டிகாக்‌ஷன் விட்டேன்.

உங்கள் வீட்டிலும் அன்பாகக் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

"இது சர்க்கரை" என்றேன், டப்பாவைத் திறந்து காட்டி.