கோல் கம்பத்தில் உடைந்த தேங்காய்

ஞாயிறு காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். மைதானத்தின் கம்பிவாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது, கோல் கம்பங்களுக்கு நடுவே கையுறை போட்ட ஒருவர் தேங்காயை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றது.

அவர் பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் கட்டடத்தில், எனக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். லா சப்பல் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் கோல்காப்பாளர். வட்டாரப் போட்டிகளின் கடைசிப் பிரிவில் ஆடும் கழகம் அது. அதற்குக் கீழே இறங்குவதற்குப் பிரிவு கிடையாது. "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன். சனம் நிண்டாத்தான் பெடியளுக்கு ஒரு உசார்" என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அன்று போனேன். சனம் என்று நானும், நாயோடு வந்திருந்த ஒரு பிரெஞ்சு முதியவரும் இருந்தோம்.

கழகத்தின் செயலாளர் பாண்டிச்சேரிக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். நிலைமையை அவர்தான் எனக்கு விளக்கினார். முந்தைய இரண்டு ஆட்டங்களுக்கும் ஆள் சேரவில்லை. உணவகங்கள் விடுப்புக் கொடுக்கவில்லை. எட்டுப் பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. அதற்கு 'ஃபோர்ஃபே' என்று பெயர், ஆடாமலே தோற்றதாக அர்த்தம். இரண்டு ஃபோர்ஃபே ஆகிவிட்டது. மூன்றாவது வந்தால் அணியை அந்தப் பருவத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

"இன்னைக்குப் பன்னெண்டு பேர் வந்துட்டாங்க. இனிமே மழை பெஞ்சாக்கூடக் கவலை இல்ல" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரும்பில் கல் மோதியதுபோல் ஒரு சத்தம். கோல்காப்பாளர் தேங்காயை மும்முறை சுற்றிக் கம்பத்தின் அடியில் ஓங்கி அடித்திருந்தார். சிதறுதேங்காய் என்றால் சிதற வேண்டும். அது நன்றாகவே சிதறியது.

செயலாளர் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"என்னப்பா பண்ணீங்க?"

"கண்ணூறு கழிச்சனான் ஐயா. ரெண்டு மட்ச் நடக்கேல்லை. இஞ்சை ஏதோ கிடக்கு."

"அத வாசல்ல ஒடைக்கக் கூடாதா?"

"கற்பூரம் கொளுத்தேல்லைத்தானே! பிளாஸ்டிக் புல்லு, உருகிப்போமெண்டு எனக்குத் தெரியாதே?"

நெருப்பைப் பற்றி யோசித்தவர் சிரட்டையைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த மைதானம் செயற்கைப் புல். இழைகளுக்கு இடையில் கறுப்பு ரப்பர் மணிகள் கொட்டியிருக்கும். வெள்ளைப் பருப்பு தூரத்திலிருந்தே தெரிந்தது. கருஞ்சிரட்டைத் துண்டுகள் ரப்பரோடு ரப்பராய் மறைந்துவிட்டன.

நடுவர் இளம்பெண். கோல் வலையைச் சோதிக்க வந்தவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அதன் முனையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். இதன்மேல் ஒருவர் சறுக்கி விழுந்தால் தொடை கிழியும், இப்படியே ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன் என்றார். பதினொன்றரைக்கு வேறு இரண்டு அணிகளுக்கு மைதானம் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே ஒன்பதே முக்காலுக்குத் தொடங்க முடியாவிட்டால் ஆட்டம் இல்லை.

"அப்படியானால் ஃபோர்ஃபே யாருக்கு?" செயலாளர் பிரெஞ்சில் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தேங்காய் யாருடையது?" என்றார் நடுவர்.

செயலாளர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

எதிரணி புறநகரிலிருந்து ரயிலில் வந்திருந்தது. அவர்களில் ஒருவர் பந்தின்மேல் உட்கார்ந்து, சும்மா இருந்தாலே வெற்றி, நல்ல ஞாயிறு என்றார். அவர்களின் தலைவர் மாலி நாட்டவர், பேருந்து ஓட்டுநர். பந்தை அவருக்கு அடியிலிருந்து காலால் உருவினார். "ஆறு மணிக்கு எழும்பி வந்தது உட்காரவா? குனி!"

துடைப்பம் போட்டால் சிரட்டை இன்னும் உள்ளே இறங்கும் என்பதால் கையாலேயே தேட முடிவாயிற்று. இரண்டு அணிகளும் கோல்கோட்டில் தோளோடு தோள் ஒட்டி முழந்தாளிட்டு, உள்ளங்கையால் புல்லைத் தடவியபடி முன்னே நகர்ந்தன. பெனால்டிப் புள்ளி வரை போய்த் திரும்பின. நாயோடு நின்ற முதியவர், இது எந்த மதத்தின் வழிபாடு என்று என்னிடம் கேட்டார். பாதி வழிபாடு முன்பே முடிந்துவிட்டது என்றேன்.

"எல்லாம் எடுத்துவிட்டீர்கள் என்று நான் எப்படி நம்புவது?" நடுவர் கேட்டார்.

கோல்காப்பாளர் கையுறையைக் கழற்றி, ஒரு துவாயைப் பக்கக்கோட்டில் விரித்தார். சேர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடைந்த ஓரங்களைப் பார்த்துப் பொருத்த ஆரம்பித்தார். ஒரு பாதி கிண்ணமாகச் சேர்ந்தது. மறு பாதியில், தேங்காயின் கண்களுக்குப் பக்கத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை நின்றது. ஒரு பெரிய துண்டு இன்னும் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் மறுபடி குனிந்தார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் யாரையும் பார்க்கவில்லை.

குனியாமல் நின்றவர் ஒருவர்தான்: எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர், இங்கே பிறந்தவர், பல்கலைக்கழக மாணவர். தாடை அசைந்துகொண்டிருந்தது.

"எடேய், என்னடா சப்புறாய்?" கோல்காப்பாளர் கத்தினார்.

"பேன்... செ போன்!" என்றார் அவர், வாய் நிறைய. அட, நன்றாக இருக்கிறதே என்று.

"கையைக் காட்டு!"

விரித்த கையில் துண்டு இருந்தது. பருப்பைப் பாதி கடித்திருந்தார். சிரட்டை முழுசாக இருந்தது.

"சாமிக்கு உடைச்சதை மட்ச்சுக்கு முதல் தின்னுறியே, மாடு!"

"தொந்தோன், காலமை நான் ஒண்டும் சாப்பிடேல்லை." தொந்தோன் என்றால் பிரெஞ்சில் மாமா.

துண்டு ஓட்டையில் பொருந்தியது. பேருந்து ஓட்டுநர் கைதட்டினார், அவருடைய ஆட்களும் தட்டினார்கள். நடுவர் துவாயின் முன் குந்தி, தேங்காயைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். மணல் அளவு இடைவெளிகளைத் தவிர வேறு ஓட்டை இல்லை. எழுந்து, விசிலை வாயில் வைத்தபடியே நடுக்கோட்டை நோக்கி நடந்தார்.

விசில் கேட்டதும் செயலாளர் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார் என்று நினைக்கிறேன். கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டார். முதல் நிமிடத்திலேயே எங்கள் வலையில் ஒரு கோல் விழுந்தது. அவர் சிரித்தார். இரண்டாவது விழுந்தபோதும் முகம் மாறவில்லை.

"விழட்டும்ங்க. ஆடுறாங்கல்ல?" என்றார்.

ஏழுக்கு ஒன்று என்று தோற்றோம்.