மாட்டின் வாயில் கைவிட்டவர்கள்

பெரியசாமியின் கறவை மாடு கிளியனூரை விட்டுப் போனது ஆடி முதல் வெள்ளியன்று. வானூர்ப் பக்கம் யாருக்கோ விற்றிருந்தார்.

முந்தின நாள் முழுக்க அது தண்ணீரைத் தொடவில்லை. எச்சில் ஒழுக நின்றது. தொண்டையில் பனங்கொட்டை சிக்கியிருக்கும் என்றார்கள். எங்கள் தெருவில் எந்த மாட்டுக்கு என்ன என்றாலும் பக்கத்து வீட்டு அம்சா அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மாடும் அரை ஏக்கர் மல்லாட்டைப் பயிருமாகத் தனியாக வாழ்கிறவள். கூலி கேட்கமாட்டாள், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போதும். அன்றும் முழங்கை வரை வாய்க்குள் விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

சனிக்கிழமை, பெரியசாமியின் மனைவி குப்பம்மாள் வாய்தவறிச் சொன்னாள்: ஒரு மாதத்துக்கு முன் அந்த மாட்டின் மூக்கில் ஒரு நாய் கடித்தது; நாய் அடுத்த வாரமே வெறிபிடித்துச் செத்தது.

அம்சா அக்கா தன் விரலைப் பார்த்தாள். அரிவாள் வெட்டு இன்னும் ஆறியிருக்கவில்லை. என் ஸ்கூட்டரில் திண்டிவனம் அழைத்துப்போய் நாய்க்கடி ஊசி போடவைத்தேன். திரும்பும் வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வாங்குனவங்களும் கையைத்தான வுடுவாங்க, பாப்பா?"

வாங்கியவர் யாரென்று பெரியசாமி சொல்லவில்லை. "உனக்கு ஊசி போட்டாச்சில்ல, அதோட வுடு. ஊருக்கே நீதான் டாக்டரா? வெளிய தெரிஞ்சா இந்தத் தெரு பாலை எவன் வாங்குவான்?"

தெருவும் அதையே சொன்னது. மறுநாள் பால் ஊற்றும் இடத்தில் அவளை விட்டு விலகி நின்றார்கள். அவளோ மணிக்கொரு தரம் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், விழுங்க முடிகிறதா என்று. அவள் தொண்டை அசைகிறதா என்று நானும் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் குப்பம்மாள் ஒரு போன் நம்பரைத் தந்தாள். "நான் குடுத்தேன்னு தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு வெட்டிடுவாரு."

எடுத்தவள் பெயர் ரோஸ்லின். விஷயத்தைச் சொன்னதும் சீறினாள். "வித்த மாட்டைத் திருப்பி வாங்க டிராமாவா? பேஜாரு பண்ணாத, வை போனை."

"மாடு தண்ணி குடிக்குதாம்மா?" என்றாள் அம்சா அக்கா.

இணைப்பு அறுந்தது. அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

தெருவில் இப்போது மாட்டுக்கு நோவு என்றால் வேறு ஆளைத் தேடுகிறார்கள். மாசியில், ஏழு மாதம் கழித்து, அவள் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

"அக்கா, நான் ரோஸ்லின். நீங்க சொன்னப்புறம் நானும் வூட்டுக்காரரும் ஊசி போட்டுக்கினோம். மாடு மறுநாளே செத்துப்போச்சி. பக்கத்து வூட்டு ஆரோக்கியராஜ் அண்ணனும் அன்னிக்கி அது வாயில கைய வுட்டாரு. எங்க பாலை யாரும் வாங்க மாட்டாங்களேன்னு பயந்து அவருகிட்ட மட்டும் சொல்லல. இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்காரு. இப்ப போய்ச் சொல்லட்டுமா, அக்கா?"